மூன்றிலும் ஓடும்

வாரிக் எழுதிய மென்பொருளின் முகப்பில், பெயருக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: 'விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.' அதை அவன் மேக்கில் எழுதினான், மேக்கில் ஓட்டினான், மேக்கிலேயே கண்குளிரப் பார்த்துவிட்டுக் கடையை மூடினான். மற்ற இரண்டிலும் ஓடும் என்பது ஒரு நல்லெண்ணம். எங்கள் தொழிலில் இதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. நானும் இப்படிப் பல நல்லெண்ணங்களை எழுதி மாதாமாதம் சம்பளம் வாங்கியவன்தான்.

மென்பொருளின் பெயர் கரவாங். பூமியின் தென்கோடியில் இருக்கிற எங்கள் ஹோபார்ட் ஊரின் மலைமேல் நடக்கப் போகிறவர்களின் முதுகுப்பை ஜிப்பை அலகால் திறந்து, சாண்ட்விச்சைத் தூக்கிக்கொண்டு போகிற கறுப்புப் பறவை அது. கத்தினால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். இனிமேல் வாரிக்கின் வாய் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வரும் என்று டாக்டர்கள் சொன்ன வருடம்தான் அவன் அதை எழுத ஆரம்பித்தான். தசையை ஆட்டும் நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் போகிற நோய். விரல் போனது, கால் போனது, நாக்கு போனது. கண் மட்டும் விசுவாசமாக இருந்தது.

நாக்கு போவதற்குள் அவன் விறகுக் கொட்டகைக்குள் தலையோடு ரஜாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகத் தன் குரலைப் பதிவு செய்தான். ஒரு சொல்லுக்கு ஒரு கோப்பு. 'டீ' ஒரு கோப்பு, 'வேண்டாம்' ஒரு கோப்பு. பிறகு திரையில் உள்ள எழுத்துகளைக் கண்ணால் பார்ப்பான், கேமரா அந்தக் கண்ணைப் பார்க்கும், கரவாங் அந்தச் சொல்லின் கோப்பைத் தேடி எடுத்து ஒலிக்கும். கடையில் வாங்கிய குரல் இல்லை. 'அடுத்த ரவுண்டு யார் வாங்கறது' என்று முப்பது வருடமாக என்னிடம் கேட்ட அதே குரல்.

ஜூலைக் குளிரில், மலை உச்சி வெள்ளையாகியிருந்த ஒரு நாள், அவர்கள் வீட்டுப் பூனை கிரேவி, குழாய் வழியாக வாரிக்கின் வயிற்றுக்குப் போக வேண்டிய பால் உணவை மடிக்கணினிமேல் கவிழ்த்தது. கணினி ஒரு தடவை விக்கியது. அத்தோடு சரி.

மெரன் போன் செய்தாள். மெரன் வாரிக்கின் மனைவி. சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"ஹாமிஷ், அவன் திரும்பவும் ஊமையாயிட்டான். மொதல் தடவை ரெண்டு வருஷம் புடிச்சுது. இந்தத் தடவை பூனையே போதுமா இருந்துச்சு. வர்றியா?"

என் பழைய லினக்ஸ் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு, மலைச்சரிவில் அவர்கள் வீடு இருக்கிற ஃபெர்ன் ட்ரீக்குக் கிளம்பினேன். லினக்ஸ்காரர்களை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. இப்படி எழவு வீட்டுக்குக் கூப்பிட்டால்தான் உண்டு.

வாரிக் கணப்படுப்புக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தான். மூக்கில் மூச்சு முகமூடி. மெரன் ஒரு கண்ணாடிமாதிரியான பிளாஸ்டிக் பலகையை அவன் முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தாள். அதில் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். அவள் வரிசையைச் சொல்வாள், எழுத்தைச் சொல்வாள். சரியானது வந்தால் அவன் கண்ணை மேலே தூக்குவான். சொல் முடிந்ததும் அவள் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அது முறை. தப்பாகப் படித்திருந்தால் அவன் மறுக்க வேண்டுமே.

"'வந்துட்டான்'," என்று மெரன் படித்தாள். "'கோமாளி'. ரொம்ப நன்றி வாரிக், என் வாயால அவனைத் திட்ட வைக்கிற."

"நீ படிச்சப்பதான் அது இன்னும் நல்லா இருந்துச்சு," என்றேன்.

அவள் விறகு எடுத்து வர வெளியே போனதும் வாரிக் கண்ணால் பலகையைக் காட்டினான். எடுத்தேன். எனக்கு அது பழக்கமில்லை. பாதியிலேயே ஊகிக்கிற கெட்ட புத்தி வேறு.

"அ... வ... அவசரமா? பாத்ரூமா?"

கண் இடப்பக்கம் போனது. இல்லை என்று அர்த்தம். அதில் ஒரு சலிப்பும் இருந்தது.

"அவ. சரி, அவ. மெரன்தானே? வா... யா... வாயாடியா? அது எனக்கே தெரியும்டா."

மறுபடி இடப்பக்கம். வாயை மூடிக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கேட்டேன். மெரனின் காலடிச் சத்தம் திரும்பி வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

'அவ வாயால பதில் வேண்டாம். செவ்வாய். பெட்ரா கேப்பா.'

பெட்ரா அவனுடைய டாக்டர். கேட்கப்போவது என்ன என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். முகமூடி இனிமேல் போதாது. அடுத்தது தொண்டையில் துளை போட்டு மூச்சு மெஷினை மாட்டுவது. மாட்டினால் இன்னும் சில வருடம் கிடைக்கலாம், கண் மட்டும் ஆடுகிற வருடங்கள். வேண்டாம் என்றால் வாரக் கணக்குத்தான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று நான் கேட்கவில்லை. சரி என்று சொல்வதாக இருந்தால் யார் வாயால் சொன்னால் என்ன?

ஆக, செவ்வாய்க்கிழமைக்குள் கரவாங் என் கணினியில் பேச வேண்டும். இல்லையென்றால், புருஷனுக்கு மெஷின் வேண்டாம் என்பதை மெரன் எழுத்துக்கூட்டி டாக்டரிடம் படித்துக்காட்ட வேண்டும்.

குரல் கோப்புகள் பத்திரமாக இருந்தன. மூல நிரலும் இருந்தது. எங்கள் ஆட்கள் கல்யாண நாளை மறப்பார்கள், பிரதி எடுக்க மறக்க மாட்டார்கள். ஆனால் மூல நிரல் என்பது மனிதன் படிப்பதற்காக எழுதியது. அதை மெஷின் விழுங்குகிற மாதிரி அரைத்துக் கொடுப்பதுதான் கம்பைல் செய்வது. மேக்குக்கு அரைத்தது லினக்ஸுக்கு இறங்காது. புதிதாக அரைக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் கணினியை வாரிக் பார்க்கும்படி வைத்து உட்கார்ந்தேன். கட்டளையைக் கொடுத்தேன். திரையில் எழுத்துகள் மழையாகக் கொட்டின. பிறகு நின்றன. சிவப்பில் ஒரு பிழை.

முதல் பிழை: நிரல் தன் கோப்புகளை 'வாரிக்கின் வீடு' என்ற இடத்தில் தேடியது. அவனுடைய பழைய கணினியின் முகவரியை நிரலுக்குள்ளேயே அச்சடித்த மாதிரி எழுதிவைத்திருந்தான்.

"வாரிக், உலகத்துல எல்லார் கம்ப்யூட்டருக்கும் உன் பேருதான் வெச்சிருக்காங்கன்னு நெனச்சியா?"

கண் மேலே போனது. ஆமாம்.

திருத்தினேன். அடுத்து ஒரு லைப்ரரி, அதாவது வேறு யாரோ எழுதிவைத்த துணை நிரல், இல்லை. தருவித்தேன். ஃபெர்ன் ட்ரீயில் காற்றடித்தால் இணையம் படுத்துவிடும். காற்று அடித்துக்கொண்டிருந்தது. காத்திருந்த நேரத்தில் நிரலைப் படித்தேன். நிரலுக்கு நடுவே, மெஷின் கண்ணை மூடிக்கொள்கிற இடங்களில், மனிதர்களுக்காகக் குறிப்பு எழுதுவது வழக்கம். வாரிக்கின் குறிப்புகள் இப்படி இருந்தன: 'இதைத் தொடாதே. ஏன் ஓடுகிறது என்று எனக்கே தெரியாது.' இன்னும் கீழே: 'இது அசிங்கம்தான். ஹாமிஷ் செய்திருந்தால் இதைவிட அசிங்கமாக இருக்கும்.'

நான் சத்தமாகப் படித்தேன். அவன் தோள் குலுங்கவில்லை, அதற்குத் தசை இல்லை. ஆனால் முகமூடிக்குள் மூச்சின் தாளம் மாறியது. சிரிக்கிறான் என்று மெஷின்தான் சொன்னது.

மத்தியானத்துக்குள் ஒன்றைத் தவிர எல்லாப் பிழையும் தீர்ந்திருந்தது. கண்ணைப் பார்க்கும் கேமராவின் லைப்ரரி மட்டும் அடம்பிடித்தது. மெரன் ஸ்காலப் சிப்பி வைத்துச் சுட்ட பேஸ்ட்ரியைச் சூடாக்கிக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு, விறகு பிளந்து தருகிறேன் என்று கொல்லைப்பக்கம் போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள். நான் கோடரியைப் பிடித்த லட்சணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதை வாங்கித் தானே பிளந்தாள்.

"எவ்வளவு தூரம் வந்திருக்கு?"

"கேமராதான் முரண்டு பண்ணுது. அது வழிக்கு வந்தா ஓடிடும்."

"வராமலும் போகலாம் இல்ல?"

"எப்பவும் போகலாம். நான் பொழைக்கறதே அதை வெச்சுத்தானே."

அவள் சிரிக்கவில்லை. ஒரு கட்டையை நிறுத்தி ஒரே போடாகப் போட்டாள்.

"ஹாமிஷ், ஆகலன்னு சொல்லிடேன்."

அவள் பிளந்த விறகை அடுக்குவதில் நான் திடீரென்று மிகுந்த அக்கறை காட்டினேன்.

"அது பேசலன்னா செவ்வாய்க்கிழமை அவனும் பேசமாட்டான். அதை என் வாயால சொல்ல வைக்க அவனுக்கு மனசு வராது. தள்ளிப்போடுவான். அடுத்த மாசம் பாத்துக்கலாம்பான். அதுக்குள்ள மூச்சு முட்டிச்சுன்னா டாக்டருங்களே மெஷினை மாட்டிடுவாங்க. மாட்டினப்புறம் கழட்டுன்னு சொல்றது இன்னும் கஷ்டம். எனக்குத் தெரியாதா அவனை?"

அவன் என்னிடம் ரகசியமாகச் சொன்னதாக நினைத்தது இவளுக்கு எழுத்து பிசகாமல் தெரிந்திருந்தது.

"மெரன், அவன் ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டே இருக்கான். ஒவ்வொரு பிழையையும் என்னைவிட வேகமாப் படிக்கறான்."

"நீ நெனச்சா ஏமாத்த முடியாதா? முப்பது வருஷமா உன் மேனேஜரையெல்லாம் ஏமாத்தலையா?"

"அவங்க படிக்கத் தெரியாதவங்க."

அவள் கோடரியைக் கட்டையில் செருகினாள். மூச்சு வெள்ளையாக வந்தது.

"உனக்கு அவன் வேணாமா?"

விறகை வாரிக்கொண்டு உள்ளே போனேன்.

உண்மையில் கேமராப் பிழைக்கு என்ன மருந்து என்பது எனக்குச் சாப்பிடுவதற்கு முன்பே தெரியும். பழைய பதிப்பின் பெயரை ஒரே ஒரு வரியில் மாற்ற வேண்டும். அதைத் தெரியாதவன் மாதிரி வேறு எங்கெங்கோ நோண்டிக்கொண்டிருந்தேன். மெரன் கேட்பதற்கு முன்னாலேயே. திரும்ப வந்து உட்கார்ந்தபோதும் நோண்டினேன். சற்று நேரம் கழித்து வாரிக்கைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. திரையின் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வரி. நான் நிமிர்ந்தபோது அவன் கண் என்மேல் வந்தது, மறுபடி அந்த வரிக்குப் போனது. கோபம் இல்லை. வண்டி கிளம்புகிற நேரத்தில் செருப்பைத் தேடுகிறவனைப் பார்க்கிற பார்வை.

வாழ்நாளெல்லாம் தெரியாமல் தப்புச் செய்து பழகியவனுக்கு, தெரிந்து ஒரு தப்புச் செய்ய வரவில்லை. வரியை மாற்றினேன். கட்டளையைக் கொடுத்தேன். மழை கொட்டியது. சிவப்பு வரவில்லை.

கரவாங் திறந்தது. கேமரா அவன் கண்ணைப் பிடித்தது. அவன் எழுத்துகளைப் பார்க்க ஆரம்பித்தான். நானும் மெரனும் நின்றோம்.

"டெஸ்டிங் ஒண்ணு ரெண்டு," என்றது அவன் குரல். பிறகு, "பூனையை வித்துடு." பிறகு, "ஹாமிஷ் இவ்வளவு நேரமா?"

மெரன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷம்தான். அவன் குரலைக் கேட்ட சந்தோஷம் அவளுக்கு வராமல் இருக்க முடியாது. அதற்குப் பின்னால் வருவதும் அவளுக்குத் தெரியும். இரண்டும் ஒரே முகத்தில் இருந்தன. நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

அவன் விதவிதமாகச் சோதித்தான். டீ, பீர், கால்பந்து, ஒரு கெட்ட வார்த்தை. எல்லாம் பேசியது. சாயங்காலம் என்னைத் திரும்பி உட்காரச் சொன்னான். "பாக்காதே." வெகுநேரம் எழுதினான். எழுதியதை ஒலிக்க வைக்கவில்லை. அப்படியே சேமித்துவைத்தான்.

ஏன் ஒலித்துப் பார்க்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. மெரன் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாச் சொல்லையும் சோதிக்கலாம், அந்த வாக்கியத்தை மட்டும் வீட்டில் சோதிக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனை அறையில் நாங்கள் நாலு பேர். டாக்டர் பெட்ரா நாற்காலியை இழுத்து, தன் கண் வாரிக்கின் கண்ணுக்கு நேராக இருக்கும்படி உட்கார்ந்தார். நல்ல டாக்டர். எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை எளிமையாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

"வாரிக், அவசரமே இல்ல. நீங்க என்ன நெனக்கறீங்க?"

வாரிக் சேமித்திருந்ததைக் கண்ணால் தொட்டான்.

கரவாங் முதலில் பேசவில்லை. பிறகு பேசியது.

"...மூச்சு மெஷினுக்குச் சம்மதிக்கல."

நிறுத்தம்.

"...இதை முடிவு பண்ணல."

நிறுத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

பெட்ராவின் புருவம் சுருங்கியது. "முடிவு பண்ணலையா? இன்னும் முடிவு பண்ணலன்னு சொல்றீங்களா?"

வாரிக்கின் கண் இடப்பக்கம் பாய்ந்தது, வலப்பக்கம் பாய்ந்தது, திரைக்குப் போனது, என்னிடம் வந்தது. மூச்சுமானி சத்தம் போட்டது.

"பரவால்ல, பரவால்ல, பதட்டப்படாதீங்க," என்றார் பெட்ரா. மெரனிடம் திரும்பினார். "குழப்பமா இருக்கார்னா நாம எதையும் இன்னிக்கு எழுத வேணாம். தள்ளி வெப்போம். நடுவுல மூச்சு சிக்கலாச்சுன்னா மெஷினை மாட்டிடறோம். எப்ப வேணா பேசிக்கலாம்."

நான் குனிந்து கணினியைப் பார்த்தேன். திரையின் அடியில், யாரும் பார்க்காத சின்னச் சன்னலில், கரவாங் முறையாகப் புகார் எழுதிவைத்திருந்தது. 'நான்' என்ற கோப்பு கிடைக்கவில்லை. 'மெரன்' என்ற கோப்பு கிடைக்கவில்லை. 'நான்' என்ற கோப்பு கிடைக்கவில்லை.

ஆங்கிலத்தில் ஆள்பெயரும், 'நான்' என்ற சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். பள்ளிக்கூட விதி. எங்கள் ஆட்கள் அந்த விதியைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். எல்லாவற்றையும் சின்ன எழுத்தில்தான் தட்டுவோம். வாரிக் தன் குரல் கோப்புகளுக்கு வைத்த பெயர்கள் எல்லாம் சின்ன எழுத்து. சனிக்கிழமை சோதித்ததெல்லாம் சின்ன எழுத்து, என் பெயர் உட்பட. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும், இது விளையாட்டு இல்லை என்பதால், இலக்கணப்படி பெரிய எழுத்துப் போட்டு எழுதியிருக்கிறான். மேக்குக்குப் பெரியதும் சின்னதும் ஒரே ஆள். லினக்ஸுக்கு அவை வேறு வேறு ஆட்கள். பெரிய எழுத்து 'நான்' என்று யாரும் இங்கே இல்லை என்று கையை விரித்துவிட்டது.

"டாக்டர், ஒரு நிமிஷம்," என்றேன். "இது அவனுக்குக் குழப்பம் இல்ல. பெரிய எழுத்து, சின்ன எழுத்து... மேக்ல என்னன்னா... ஒரே ஒரு வரிதான், மாத்திட்டு மறுபடி கம்பைல் பண்ணிட்டா..."

பெட்ரா என்னைக் கனிவோடு பார்த்தார். ஒருவேளை எனக்கும் ஏதாவது மருந்து எழுதலாமா என்று யோசித்திருப்பார். மெரனைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் சும்மா இருந்தால் போதும். ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். பொய்யும் சொல்ல வேண்டாம். டாக்டரே தள்ளிவைக்கிறார். நான் உளறி முடிப்பதற்குள் அவர்கள் எழுந்துவிடலாம். விறகுக்கட்டைக்குப் பக்கத்தில் அவள் என்னிடம் கேட்டது, கேட்காமலேயே கைக்கு வந்துவிட்டது.

நானும் நிறுத்திக்கொண்டேன். என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல ஆசைதான். ஆனால் நிறுத்திக்கொண்டேன்.

"ஆளுங்க விட்டுப்போயிட்டாங்க டாக்டர்," என்றாள் மெரன்.

"என்ன?"

"மூணு வாக்கியம். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு ஆள் இருக்கணும். மெஷின் முழுங்கிடுச்சு." தொண்டையைச் செருமினாள். பலகையில் படிக்கும்போது எப்படிப் படிப்பாளோ, அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னாள். "நான் மூச்சு மெஷினுக்குச் சம்மதிக்கல. மெரன் இதை முடிவு பண்ணல. நான்."

"ஞாயித்துக்கிழமை ஸ்க்ரீனைத் துடைக்கறப்ப படிச்சேன்," என்றாள் வாரிக்கிடம். "நீ எழுதினதை நான் படிக்காம இருந்தது எப்போ?"

வாரிக் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது. முகமூடியின் விளிம்பு வரைக்கும் போய் அங்கே நின்றது. மெரன் கட்டைவிரலால் துடைத்தாள்.

பெட்ரா அவசரப்படவில்லை. அவன் கண்ணைத் திறக்கும்வரை காத்திருந்தார். "வாரிக், மெரன் சொன்னது உங்க வார்த்தையா?" கண் மேலே போனது. "முழுசா?" மேலே. "நாளைக்கு மறுபடி கேட்டாலும் இதேதானா?" மேலே. அவர் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் நர்ஸ்களைப் பற்றியும், மூச்சுத் திணறாமல் இருக்கத் தரப்போகும் மருந்தைப் பற்றியும் சொன்னார். மெரன் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றாள்.

கிளம்புகிற நேரத்தில் வாரிக் பலகையைப் பார்த்தான். எல்லாரும் நின்றுவிட்டோம். மெரன் எடுத்துப் பிடித்தாள்.

"எ... ன்... 'என்'. மெ... ஷி... 'மெஷின்'..."

பெட்ரா முன்னால் வந்தார். "மெஷினா? மெஷின் வேணும்ங்கறாரா?"

மெரன் முகத்தில் ஒரு கணம் வந்ததை நான் பார்த்திருக்கக் கூடாது. அவள் தொடர்ந்தாள். "ல... 'மெஷின்ல'. ஓ... டு... ச்... 'ஓடுச்சே'." ஒன்றாகச் சேர்த்துப் படித்தாள். "'என் மெஷின்ல ஓடுச்சே'. அப்படின்னா?"

நான் சிரித்துவிட்டேன். அந்த அறையில் அந்த நேரத்தில் யாரும் சிரிக்கக் கூடாத அளவுக்குச் சிரித்தேன். எழுதிய நிரல் ஊர் முழுக்கப் படுத்துக்கொண்டு மானம் போகும்போது, எங்கள் ஆட்கள் எல்லாரும், எல்லா நாட்டிலும், சொல்லித் தப்பிக்கிற ஒரே சாக்கு அதுதான். டாக்டருக்கு விளக்கிச் சொன்னேன். விளக்கினால் நகைச்சுவை செத்துப்போகும் என்பார்கள். இது அங்கேயே விழுந்து செத்தது. வாரிக்கின் மூச்சின் தாளம் மட்டும் மாறியது.

வீட்டுக்கு வந்ததும் அவனைக் கட்டிலில் படுக்கவைத்தோம். மெரன் துணிகளை மெஷினில் போடப் பின்கட்டுக்குப் போனாள். நான் கணினியைத் திறந்தேன். எந்தச் சொல் வந்தாலும் முதலில் சின்ன எழுத்தாக்கிக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன். மறுபடி கம்பைல் செய்தேன். மழை கொட்டி முடிந்தது. இனிமேல் அது உண்மையாகவே மூன்றிலும் ஓடும். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் அவன் போய்விட்டான், தன் வீட்டில், ஒரு மத்தியானத்தில், அவ்வளவாகத் திணறாமல்.

ஆனால் அன்றைக்கு, திருத்தி முடித்ததும் திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

"பாரு. உன் தப்பை நான் சரி பண்ணிட்டேன்னு எழுதி வெச்சிருக்கேன். உலகம் பாக்கும்."

அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. எழுத்துகளைப் பார்த்தான். பெரிய எழுத்தில் தொடங்கி ஒரே ஒரு சொல். ஒலிக்க வைத்தான்.

"மெரன்!"

விறகுக் கொட்டகையில் ரஜாய்க்குள் உட்கார்ந்து எத்தனையோ சொற்களை நிதானமாக, பாடம் படிக்கிறவன்போலப் பதிவு செய்தவன், அந்தப் பெயருக்கு மட்டும் அப்படிச் செய்யத் தெரியாமல் விட்டிருக்கிறான். வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டிருக்கிறான். கார் சாவியைக் காணோம், கத்தரிக்கோல் எங்கே, வந்து இந்த மூடியைத் திற. அந்தக் கத்தல்.

"என்ன வேணும்?" என்று பின்கட்டிலிருந்து அவளும் கத்தினாள். யோசிக்காமல், எரிச்சலோடு, கை வேலையை விடாமல்.

பிறகு வாஷிங் மெஷினின் சத்தம் நின்றது.

ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள். அவனையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் மெல்ல, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"சும்மா," என்றது அவன் குரல்.